ஒரு பல்லும் ஒரு முட்டையும்

பல ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு நடத்திய அறிவியல் தேர்வில், ‘பாலூட்டிகளின் இயல்புகள் மூன்றினை எழுதுக’ என்று ஒரு வினாக் கொடுத்திருந்தேன். ஒரு பையன், ‘பால் கொடுக்கும், உடம்பில் உரோமம் இருக்கும்’ என்று எழுதிவிட்டு, மூன்றாவதாக, ‘சில முட்டையிடும்’ என்று எழுதியிருந்தான். ‘குட்டி ஈனும்’ என்பதே நான் எதிர்பார்த்த விடை. ஆகவே சிவப்பு மையால் அவன் விடையை அடித்துவிட்டேன்.

பையன் விடைத்தாளோடு என் மேசைக்கு வந்தான். “ஐயா, ஆஸ்திரேலியாவில பிளாட்டிபஸ் முட்டதானே போடுது? அதுவும் பாலூட்டிதானே?” என்றான். “அது விதிவிலக்கு, தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் மேலும் ஒன்றும் பேசவில்லை. மதிப்பெண்ணும் மாறவில்லை.

‘விதிவிலக்கு’ என்னும் சொல் ஆசிரியர்களாகிய நமக்குப் பெருந்துணை. விளக்க முடியாததையெல்லாம் அதன் தலையில் ஏற்றிவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சில பற்களின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது, அன்று நான் சொன்ன விடை தவறு என்று தெரிந்துகொண்டேன். அந்தப் பற்களைப் பற்றியதே இக்கட்டுரை.

தோலைக் கண்டு ஐயுற்றவர்கள்

பிளாட்டிபஸ் கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் தாஸ்மேனியாவிலும் ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழும் சிறு விலங்கு. வாத்துக்கு உள்ளது போன்ற அலகும், தோல் இணைந்த விரல்களும், தட்டையான வாலும், அடர்ந்த உரோமமும் உடையது. இதன் உலர்ந்த தோல் ஒன்று இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, 1799-இல் அதனை முதன்முதல் அறிவியல் முறையில் விவரித்த ஜார்ஜ் ஷா என்பவருக்கே ஐயம் தீரவில்லை. குரங்கின் உடலையும் மீனின் வாலையும் ஒட்டிக் ‘கடற்கன்னி’ என்று மாலுமிகளுக்கு விற்றுவந்த காலம் அது. வாத்தின் அலகை எவரேனும் தைத்துவிட்டனரோ என்று அவர் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தார் என்றும் கூறுவர்.

ஒட்டு வேலை அன்று என்பது தெளிந்த பின்னர் அடுத்த வழக்கு எழுந்தது. இது பாலூட்டிதானா? பிரெஞ்சு அறிஞர் ஜெப்ராய் செயிண்ட் இலேர், கழிவும் கருவும் ஒரே வாயில் வழியாக வெளிப்படுவதால், ‘ஒரே துளை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு, இவ்வகை உயிர்களுக்கு ‘மோனோட்ரீம்’ என்று பெயரிட்டார். செருமானிய அறிஞர் மெக்கல், 1824-இல் இதன் உடலில் பால் சுரப்பிகள் உண்டு என்று அறிவித்தார். காம்பு இல்லை, வயிற்றுத் தோலில் பால் கசிய, இளம் உயிர் அதனைக் குடிக்கிறது. ஜெப்ராய் அதை ஏற்கவில்லை. முட்டையிடுவது பாலூட்டியாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். இங்கிலாந்தின் ரிச்சர்டு ஓவனோ, பாலூட்டி என்பதை ஒப்புக்கொண்டு, முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிடும் என்றார்.

நம் அளவை நூலார் உண்மையை அறியும் வழிகளாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினைக் கூறுவர். இவ்வழக்கில் உரை என்னும் சான்று தொடக்கத்திலேயே இருந்தது. அந்த ஆற்றங்கரைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த தொல்குடியினர், இது இரண்டு முட்டை இடும் என்று சொன்னார்கள். அச்செய்தி 1820-களில் அச்சிலும் ஏறியது. எனினும் கற்றவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இறுதியில் காண்டல் அளவையே வழக்கை முடித்தது. 1884-இல் வில்லியம் கால்டுவெல் என்னும் இளைஞர், தொல்குடி மக்கள் பலரின் உதவியோடு குவீன்சுலாந்தின் பர்னட் ஆற்றங்கரையில் தேடி, ஒரு முட்டையை இட்டு முடித்து இரண்டாம் முட்டையை இடும் நிலையில் இருந்த பிளாட்டிபஸைக் கண்டார். மோனோட்ரீம்கள் முட்டையிடுவன என்னும் செய்தியை நான்கே சொற்களில் தந்தியாக அனுப்பினார். அத்தந்தி கனடாவின் மொன்ட்ரியல் நகரில் கூடியிருந்த அறிவியலாளர் மாநாட்டில் படிக்கப்பட்டது. அதே ஆண்டில் அடிலெய்டில் வில்கெல்ம் ஆக்கே என்பவர், முள் உடலும் நீண்ட மூக்கும் உடைய எக்கிட்னாவின் பையில் கிடைத்த முட்டையைக் கொண்டுவந்து காட்டினார். ஷாவின் கத்தரிக்கோலுக்கும் கால்டுவெல்லின் தந்திக்கும் இடையில் 85 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பல்லில்லா வாயில் ஒரு பல்

வளர்ந்த பிளாட்டிபஸுக்குப் பல் கிடையாது. கொம்புப் பொருளால் ஆன தகடுகளைக் கொண்டே நீர்ப்பூச்சிகளையும் புழுக்களையும் சிறு இறால்களையும் அரைத்துத் தின்கிறது. எக்கிட்னாவுக்கோ எப்பருவத்திலும் பல் இல்லை. இதனால் இவ்வினத்தின் முன்னோரைத் தேடுவோர்க்குப் பெரிய இடையூறு ஏற்பட்டது. ஏனெனில், உடலில் பிற உறுப்புகள் எல்லாம் அழிந்த பின்னும் மண்ணில் நெடுங்காலம் நிற்பது பல்தான். பாலூட்டிகளின் கடைவாய்ப் பல்லில் உள்ள மேடுபள்ளங்கள் இனத்துக்கு இனம் வேறுபடும். ஆகையால் ஒரு பல்லை வைத்தே இனத்தை அடையாளம் சொல்லிவிடலாம். பல்லே இல்லாத உயிரின் பாட்டனை எதைக் கொண்டு அறிவது?

1888-இல் எட்வர்டு போல்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் இளம் பிளாட்டிபஸ் ஒன்றை ஆராய்ந்தபோது, அதன் ஈற்றுக்குள் உண்மையான பற்கள் இருப்பதைக் கண்டார். வளையை விட்டு வெளியே வரும் பருவத்தை ஒட்டி அவை விழுந்துவிடும். சில காலமே நிற்கும் இப்பற்கள் சிறியவை, தேய்ந்த வடிவின. ஆயினும் அவற்றின் மேற்பரப்பில் குறுக்காக ஓடும் வரப்புகள் வேறெந்தப் பாலூட்டியின் பல்லையும் ஒத்திருக்கவில்லை. பயனற்றவை போலத் தோன்றிய இப்பற்களே பின்னாளில் ஒரு பெருங்கதவைத் திறக்கும் சாவியாயின.

வறண்ட ஏரியில் கிடைத்தவை

தென் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் பாலங்கரின்னா என்றொரு வறண்ட உப்பேரி இருக்கிறது. இன்று அது பாலைநிலம். ஏறத்தாழ 2 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் நன்னீர் ஏரிகள் இருந்தன. முதலைகளும் நுரையீரல் மீன்களும் வாழ்ந்தன. அந்தப் பழைய ஏரிப் படிவுகளைத் தோண்டிய ஆய்வாளர்க்கு 1970-களின் தொடக்கத்தில் வியப்பான ஒரு கடைவாய்ப் பல் கிடைத்தது. அதே காலத்தைச் சேர்ந்த வேறோர் ஏரிப் படிவிலும் இன்னொரு பல் அகப்பட்டது. ஈற்றுக்குள் போல்ட்டன் கண்ட பல்லின் வரப்புகளே இவற்றிலும் இருந்தன. ஆனால் இவை முழு வளர்ச்சி பெற்ற, உறுதியான பற்கள். மைக்கேல் உட்பர்ன், ரிச்சர்டு டெட்போர்டு என்னும் இருவர் 1975-இல் இவ்விலங்குக்கு ‘ஆப்டுரோடான் இன்சிக்னிஸ்’ என்று பெயர் சூட்டினர். ‘ஆப்டுரோடான்’ என்றால் ‘நிலைத்த பல்’ என்று கொள்ளலாம். பேரன் இளமையிலேயே இழந்துவிடும் பல்லைப் பாட்டன் வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தான் என்பதே அப்பெயரின் கருத்து.

இரண்டு பற்களைக் கொண்டு ஒரு விலங்கையே கட்டி எழுப்புவதா என்று எவரேனும் கேட்டிருக்கலாம். அதற்குரிய விடை குவீன்சுலாந்தின் வடமேற்கில், ரிவர்ஸ்லே என்னும் இடத்தின் சுண்ணாம்புப் பாறைகளில் இருந்தது. அப்பாறைகளை உளியால் உடைத்தால் உள்ளிருக்கும் எலும்பும் நொறுங்கிவிடும். ஆகையால் ஆய்வாளர்கள் கற்களை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் ரப்பர்ப் பாலை உறையவைக்க ஊற்றிய அதே அமிலந்தான். அது சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு, பாசுபரம் கலந்த எலும்பையும் பல்லையும் விட்டுவைக்கும். இவ்வாறு வெளிப்பட்டவற்றுள் ஒன்று, ஏறத்தாழ முழுமையாகவே அமைந்த ஒரு மண்டையோடு. மைக்கேல் ஆர்ச்சரும் உடனாய்வாளர்களும் 1992-இல் அதனை ‘ஆப்டுரோடான் டிக்சோனி’ என்று பெயரிட்டு விளக்கினர். அது வாழ்ந்த காலம் ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன். மண்டையோட்டில் அகன்ற அலகின் அமைப்புத் தெளிவாக இருந்தது, பற்களும் இருந்தன. இரண்டு பற்களைக் கொண்டு கருதியது சரியே என்பதை மண்டையோடு மெய்ப்பித்தது.

2013-இல் அதே ரிவர்ஸ்லேயில் கிடைத்த வேறொரு பல்லுக்கு ‘ஆப்டுரோடான் தரால்கூசைல்டு’ என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒரு பல்லின் அளவிலிருந்து, அவ்விலங்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டனர். இன்றைய பிளாட்டிபஸ் பெரும்பாலும் அதில் பாதி அளவே. பெயரிலுள்ள ‘தரால்கூ’ தொல்குடியினர் கதை ஒன்றில் வரும் வாத்தின் பெயர். அந்த வாத்துக்கும் நீர் எலிக்கும் பிறந்த பிள்ளையே பிளாட்டிபஸ் என்பது அக்கதை. 1820-களில் தொல்குடியினரின் உரையைப் புறந்தள்ளிய அறிவியல் உலகம், 2013-இல் அவர்கள் கதையிலிருந்தே பெயரைப் பெற்றுக்கொண்டது.

பாட்டனின் பல் பேரனுக்கு ஏன் இல்லாமல் போயிற்று? பிளாட்டிபஸ் நீருக்குள் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டு இரை தேடும். இரையின் தசைகள் அசையும்போது எழும் மிக நுண்ணிய மின் அதிர்வை அதன் அலகு உணர்ந்துகொள்ளும். அலகுக்குச் செல்லும் நரம்புகள் பெருத்ததால், பல்லின் வேர்களுக்குரிய இடம் குறைந்துபோயிருக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். அது எவ்வாறாயினும், இத்தகைய அலகை உடைய உயிரை ‘வளர்ச்சி குன்றியது’ என்று ஒதுக்குவது பொருந்தாது.

ஒளிக்கல்லான தாடை

நியூ சவுத் வேல்சில் லைட்னிங் ரிட்ஜ் என்பது ஒபல் என்னும் ஒளிக்கல் எடுக்கும் சுரங்க ஊர். அங்கே சுரங்கத்திலிருந்து கிடைத்த ஒரு தாடைத் துண்டு ஒபலாகவே மாறியிருந்தது. எலும்பு அழிந்து விட்டுச்சென்ற இடத்தை சிலிக்கா நிரப்பி, வடிவத்தை மட்டும் காத்து வைத்திருந்தது. மூன்று கடைவாய்ப் பற்களும் அதில் இருந்தன. 1985-இல் ஆர்ச்சர் முதலியோர் இதற்கு ‘ஸ்டெரோபோடான் கால்மனி’ எனப் பெயரிட்டனர். இதன் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. டைனோசர்கள் உலவிய காலம். இதனை மோனோட்ரீம் என்று அவர்கள் துணிந்தது எவ்வாறு? ஆப்டுரோடானின் பல்லோடு ஒப்பிட்டுத்தான். அந்த ஆப்டுரோடானையோ, இளம் பிளாட்டிபஸின் பல்லோடு ஒப்பிட்டே அறிந்திருந்தனர். 1888-இல் கிடைத்த சாவி ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனதைக் காண்க. அதே ஊரிலிருந்து கிடைத்த மேலும் மூன்று மோனோட்ரீம்களுக்கு 2024-இல் பெயரிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு கதவு கடலுக்கு அப்பால் திறந்தது. தென்னமெரிக்காவில் அர்ஜென்டினாவின் பதகோனியாவில், 6 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட படிவில் ஒரு பல் அகப்பட்டது. ரோசென்டோ பாஸ்குவாலும் உடனாய்வாளர்களும் 1992-இல் அதனை ‘மோனோட்ரேமாட்டம்’ என்று அறிவித்தனர். ஆஸ்திரேலிய ஆற்று விலங்கின் உறவினன் பசிபிக் பெருங்கடலுக்கு அப்பால் எப்படி வந்தான்? நீந்தி வரவில்லை, நடந்தே வந்திருக்க வேண்டும். தென்னமெரிக்கா, அண்டார்ட்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவை அன்று இணைந்திருந்தன. கோண்டுவானா என்னும் பழைய பெருநிலத்தின் எஞ்சிய பகுதிகள் அவை. ஒரு சிறு பல் மூன்று கண்டங்களின் பழைய உறவுக்குச் சான்று கூறிவிட்டது.

பல்லில் முட்டை தெரியுமா?

இங்கே கூரிய மாணவன் ஒருவன் குறுக்கிட்டுக் கேட்பான்: ‘ஐயா, பல் கிடைத்தது, தாடை கிடைத்தது. முட்டை கிடைத்ததா?’ கிடைக்கவில்லை. பிளாட்டிபஸின் முட்டை 17 மில்லிமீட்டர் அளவினது. அதன் ஓடு தோல் போல மென்மையானது. அத்தகைய ஓடு கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் நிற்பது மிக அரிது. அப்படியானால் ஆப்டுரோடானை முட்டையிட்ட பாலூட்டி என்று எப்படிச் சொல்கிறோம்?

இங்கேதான் கருதல் அளவை வருகிறது. புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போல, உறவைக் கண்டு இயல்பை உணர்கிறோம். இன்று வாழும் மோனோட்ரீம்கள் ஐந்தே இனங்கள். பிளாட்டிபஸ் ஒன்று, ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் வாழும் எக்கிட்னாக்கள் நான்கு. இவ்விரு கிளைகளும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகியும் இரண்டுமே முட்டையிடுகின்றன. ஆகவே அவற்றின் பொது மூதாதையும் முட்டையிட்டது என்பதே நேரிய முடிவு. எல்லாப் பாலூட்டிகளுக்கும் முற்பட்ட பழைய மூதாதையரும், பல்லி, ஆமை, பறவை முதலியவற்றின் மூதாதையரைப் போலவே முட்டையிட்டன. முன்னே முட்டை, பின்னே முட்டை என்றால், இடையில் நின்ற ஆப்டுரோடான் மட்டும் குட்டி ஈன்று, அதன் வழிவந்தவை மீண்டும் முட்டைக்குத் திரும்பின என்று கொள்ள வழியில்லை.

இக்கருத்துக்கு வலிமை தரும் சான்று ஒன்று 2018-இல் வெளியாயிற்று. பாலூட்டிகளுக்கு மிக நெருங்கிய பழைய உறவினமாகிய ‘கயென்டாதீரியம்’ என்பதன் தாய் ஒன்று, அமெரிக்காவின் அரிசோனாவில், குறைந்தது 38 இளம் உயிர்களோடு ஒரே இடத்தில் புதைந்து கிடந்தது. இத்துணைப் பிள்ளைகளை ஒரே ஈற்றில் பெறுவது இன்றைய பாலூட்டி எதற்கும் வழக்கம் அன்று. முட்டையிட்டுப் பெருகும் உயிர்களுக்கே அது பொருந்தும்.

மோனோட்ரீம்களின் கிளையும் நம் கிளையும் பிரிந்து ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகள் ஆயின என்று மரபணு ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். அப்பிரிவுக்கு முன் இருந்த விதி முட்டையிடுதல். குட்டி ஈனுதல் அதன் பின்னர் நம் பக்கத்துக் கிளையில் தோன்றிய புது வழக்கம்.

செம்பனைத் தோட்டத்துக்குள் நடந்து போகும்போது, சில இடங்களில் வரிசைக்கு ஒவ்வாமல் ஒற்றை ரப்பர் மரம் நிற்பதைப் பார்க்கிறோம். புதிதாக வந்தவன், ‘இந்த மரம் மட்டும் ஏன் முறை தவறி நிற்கிறது?’ என்று கேட்பான். தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியும், ஒரு காலத்தில் அங்கே நின்றவை எல்லாம் ரப்பர் மரங்களே என்று. முறை தவறியது மரம் அன்று, மாறியது தோட்டம். முட்டையிடும் பாலூட்டியும் அத்தகையதே.

நம் உடலில் உள்ள பழைய எழுத்து

இதற்கு நம் உடம்பிலேயே ஒரு சாட்சி உண்டு. முட்டையின் மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதங்களுள் முதன்மையானது விட்டெலோஜெனின். கோழிக்கு இப்புரதத்தை ஆக்கும் மரபணுக்கள் மூன்று. பிளாட்டிபஸுக்கு வேலை செய்யும் மரபணு ஒன்றே எஞ்சியுள்ளது. மனிதர்களாகிய நமக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அம்மரபணுக்களின் சிதைந்த துண்டுகள் மட்டும் நம் மரபுச் சுருளில் இன்னும் கிடக்கின்றன. 2008-இல் வெளியான ஆய்வுகள் இவற்றை எடுத்துக் காட்டின. பழைய ஓலையில் அழிந்தும் அழியாமலும் தெரியும் எழுத்தைப் போல, முட்டையிட்ட நம் முன்னோரின் அடையாளம் நம் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கிறது.

அதே ஆய்வுகள் மற்றொன்றும் உரைத்தன. பாலில் உள்ள கேசின் என்னும் புரதத்துக்குரிய மரபணுக்கள் பிளாட்டிபஸிலும் உண்டு, நம்மிலும் உண்டு. ஆகவே, இரு கிளைகளும் பிரிவதற்கு முன்பே பால் தோன்றிவிட்டது. பால் வந்தது முன். முட்டை போனது பின். குழந்தையை வளர்க்கப் பால் கிடைத்த பிறகே, மஞ்சள் கருவின் தேவை சிறிது சிறிதாகக் குறைந்தது.

வகுப்பறைக்கு வருவோம்

இவ்வளவும் படித்த பின் நம் தமிழ்ச் சொல்லை எண்ணிப் பார்த்தேன். ‘பாலூட்டி’ என்கிறோம், ‘குட்டி ஈனி’ என்று நாம் சொல்வதில்லை. இவ்வினத்துக்கு எது அடிப்படையோ அதையே சொல் சுட்டுகிறது. சொல் சரியாக இருக்க, அதற்கு நாம் கூறிய விளக்கமே தவறாக இருந்தது. இனி, ‘பால் ஊட்டுவது பாலூட்டி, அவற்றுள் மிகப் பெரும்பாலானவை குட்டி ஈனும், பழைய முறை மாறாத சில இன்றும் முட்டையிடும்’ என்று கரும்பலகையில் எழுதினால் போதும்.

தமிழாசிரியர் அவைக்கு ஒரு வினாவையும் விட்டுவைக்கிறேன். தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களாக ஒன்பதினை எண்ணுகிறார். பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைக் கூறி, தவழ்வனவற்றுக்கும் அவற்றை உரிமையாக்குகிறார். எலி, அணில் முதலியவற்றின் இளமைக்குக் குட்டி என்னும் பெயரைத் தருகிறார். முட்டையிலிருந்து வெளிப்பட்டுத் தாயின் வயிற்று உரோமத்தில் பால் குடிக்கும் பிளாட்டிபஸின் இளமையை நாம் பார்ப்பு என்பதா, குட்டி என்பதா? இக்கட்டுரையில் இரண்டையும் தவிர்த்து ‘இளம் பிளாட்டிபஸ்’ என்றே எழுதிவந்தேன். மாணவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். இலக்கணமும் அறிவியலும் ஒரே பாடவேளையில் நடக்கும்.

அந்தப் பையன் பள்ளியை விட்டுச் சென்று நெடுங்காலம் ஆயிற்று. அவன் விடைத்தாள் இன்று இராது. இருந்தால், நான் அடித்த சிவப்புக் கோட்டின் பக்கத்தில் ஒரு சரி போட்டு, கைக்கொப்பமும் இட்டுக் கொடுப்பேன். அவன் எழுதியது விதிவிலக்கு அன்று. நான் அறியாதிருந்த பழைய விதி.